க்னோம் மேசைத்தளத்தைத் தமிழாக்குவது: முதல் வரியிலிருந்து வெளியீடு வரை

லினக்ஸ் கணினிகளின் மேசைத்தளமான க்னோமைத் தமிழாக்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஆங்கில வரிகள் கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்பை இறக்குவது, மேலிருந்து வரிசையாகத் தமிழில் தட்டிக்கொண்டே போவது. அந்த வரி திரையில் எங்கே வரும், பொத்தானா தலைப்பா என்று பார்ப்பதே இல்லை. பிறகு சரிபார்ப்பவர் பாதியைத் திருப்பி அனுப்பும்போது ஆர்வமும் போய்விடுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றுகிறது. தட்டுவது இதில் ஆறாவது படி.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நிரலின் துண்டுகள் வரிகளுக்குள் கலந்து கிடக்கும். அவற்றில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இங்கே அவற்றையும் தமிழிலேயே எழுதியிருக்கிறோம்: %எஸ் என்று படித்தால், கோப்பில் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எஸ் எழுத்தும் இருக்கும் என்று பொருள்.

1. கையில் இருக்க வேண்டியவை

மாற்றம் செய்யப்படாத க்னோம் ஓடும் ஒரு கணினி வேண்டும். லினக்ஸின் ஒரு வடிவமான ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவிக்கொள்வது எளிது. 4 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டு இடமும் ஒதுக்கினால் போதும். உபுண்டுவில் க்னோம் சற்று மாற்றப்பட்டே வருகிறது, மொழிபெயர்ப்புகளும் தனி மொழிப் பொதிகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன. அதனால் நீங்கள் போட்ட கோப்பு வேலை செய்கிறதா, பொதியில் இருந்த பழையது தெரிகிறதா என்ற குழப்பம் வரும்.

அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றி, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். இந்தியா, இலங்கை என இரண்டு வட்டார அமைப்புகள் இருந்தாலும் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றுதான். சென்னையில் பார்ப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் பார்ப்பவருக்கும் அதே வரி போகிறது என்பதைச் சொல் தேர்வில் மறக்க வேண்டாம்.

தட்டச்சுக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, எது பழக்கமோ அது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி, மாற்றியில் போட்டு ஒட்டுவது மட்டும் கூடாது. காரணம் 7-ஆம் படியில்.

கோப்பைத் திருத்தும் செயலி: போஎடிட் அல்லது க்னோமின் சொந்த ஜிடிரான்ஸ்லேட்டர். சொற்செயலியில் திறக்காதீர்கள். அது நேர் மேற்கோள் குறிகளைத் தானாக வளைத்துவிடும். அதோடு கோப்பு செல்லாது.

2. அணியில் சேர்வது

க்னோமின் மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் டேம்ட் லைஸ் என்ற தளத்தின் வழியாக நடக்கிறது. பொய், படுபொய், புள்ளிவிவரம் என்ற பழைய ஆங்கிலக் கிண்டலிலிருந்து வந்த பெயர். தளம் முழுக்க விழுக்காடுகள்தான், ஆக பொருத்தமான பெயரே. அதில் கணக்குத் தொடங்கி, தமிழ் அணியின் பக்கத்தில் சேரக் கோருங்கள்.

நான்கு பங்குகள் உண்டு: மொழிபெயர்ப்பாளர், சரிபார்ப்பவர், க்னோமின் நிரல் களஞ்சியத்தில் சேர்ப்பவர், ஒருங்கிணைப்பாளர். சேர்ந்ததும் நீங்கள் மொழிபெயர்ப்பாளர். மற்றவை பிறகு வரும்.

சேர்ந்த கையோடு அணிக்கு ஒரு சிறு அறிமுகம் எழுதி, எந்த மாட்யூலை, அதாவது க்னோமின் எந்தச் செயலியை அல்லது நிரல் தொகுதியை, எடுக்க நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். யாரோ பாதி முடித்துத் தம் கணினியில் வைத்திருக்கலாம். அது தளத்தில் தெரியாது.

3. எந்த மாட்யூல் முதலில்

முதல் கோப்பு சிறியதாக இருக்கட்டும்: கடிகாரம், வானிலை, கணிப்பான் போன்றவை. ஒரு முழுச் சுற்று, அதாவது இறக்குவது முதல் களஞ்சியத்தில் சேர்வது வரை, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் கோப்பின் நோக்கம். எவல்யூஷன் அஞ்சல் செயலியை முதலில் எடுத்தவர்கள் முடிப்பதில்லை. அதில் ஆயிரக்கணக்கான வரிகள்.

இரண்டாவதாக, செயலிகளின் பொத்தான்களையும் சாளரங்களையும் தரும் பொது நிரல் தொகுப்பான ஜிடிகேயைப் பாருங்கள். திற, சேமி, ரத்து செய் போன்ற பொதுவான பொத்தான்களும் கோப்பு தேர்ந்தெடுக்கும் சாளரமும் அச்சிடும் சாளரமும் அங்கிருந்துதான் பல செயலிகளுக்கும் போகின்றன. ஒரு வரி சரியானால் இருபது இடத்தில் சரியாகும். தவறினால் இருபது இடத்திலும் பல்லிளிக்கும். லிப்-அத்வைத்தாவும் இதே வகை, அளவில் சிறியது.

அடுத்து ஷெல் (மேல்பட்டை போன்ற மேசைத்தளத்தின் பொதுப் பகுதிகள்), கோப்புகள் செயலி, அமைப்புகள். ஒவ்வொரு வரியோடும் அது எந்த மூலக் கோப்பிலிருந்து வருகிறது என்ற குறிப்பு இருக்கும். அந்தப் பெயரில் ஜிஸ்கீமா என்று வந்தால் அது உள்ளமைப்பு விசைகளின் விளக்கம். சாதாரணப் பயனர் கண்ணில் படாது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

4. சொற்பட்டியல்: தட்டும் முன்பே

அணியிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், முடிந்த மாட்யூல்களின் கோப்புகளை இறக்கி அவற்றில் தேடுங்கள். ஒரே பொருளுக்கு ஒரு சாளரத்தில் அடைவு, அடுத்ததில் கோப்புறை என்று வந்தால் பயனர் அவை இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைப்பார்.

சிக்கல் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருப்பதில் மட்டுமில்லை. இரண்டு பொருளுக்கு ஒரே சொல் இருப்பதில்தான் ஆபத்து. மீட்டமை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் என்பதற்கும் ரீஸ்டோர் என்பதற்கும் அதையே போடுவது வழக்கமாகிவிட்டது. முன்னது நீங்கள் செய்த மாற்றங்களைத் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. பின்னது இழந்ததைத் திரும்பத் தருவது. குப்பைத்தொட்டியில் கோப்பைத் திருப்பி எடுக்கும் பொத்தானிலும் அமைப்புகளைத் துடைக்கும் பொத்தானிலும் ஒரே சொல் இருந்தால், ஒருநாள் யாராவது அழுவார்கள். முன்னதற்கு ‘ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோ’, பின்னதற்கு ‘மீட்டெடு’ என்று பிரிப்பது நீளம்தான், ஆனால் பாதுகாப்பு.

இதே போல அப்டேட், ரெஃப்ரெஷ், ரினியூ மூன்றும் புதுப்பி ஆகிவிடுகின்றன. டிலீட்டும் ரிமூவும் நீக்கு ஆகிவிடுகின்றன. ஒன்று கோப்பை அழிக்கிறது, மற்றது பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கிறது. நீக்கு, அகற்று என்று பிரித்து, எது எதற்கு என்று எழுதி வையுங்கள்.

வைஃபை, புளூடூத் போன்றவற்றை மக்கள் சொல்வதுபோலவே எழுதுங்கள். யாரும் தேடாத தூய சொல்லைப் போட்டால் அமைப்பு இருக்கும் இடமே கிடைக்காமல் போகும். பேட்டரியா மின்கலமா என்பதை அணி தீர்மானிக்கட்டும். எதுவானாலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. ஒதுக்கிவிட்டு இறக்குங்கள்

மாட்யூலின் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்காக ஒதுக்கும் தெரிவு இருக்கிறது. முதலில் அதை அழுத்துங்கள், பிறகு கோப்பை இறக்குங்கள். ஒதுக்காமல் வேலை செய்தால் இருவர் ஒரே கோப்பில் உழைத்து ஒருவருடையது வீணாகும். ஒதுக்கிவிட்டுச் செய்ய முடியாமல் போனால் அதை விடுவித்துவிடுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் மாட்யூலை வேறு யாரும் தொடத் தயங்குவார்கள்.

கிளையை, அதாவது நிரலின் எந்தப் பதிப்புக்கான கோப்பு என்பதை, கவனியுங்கள். முதன்மைக் கிளை அடுத்த வெளியீட்டுக்கு. எண் கொண்ட நிலைக் கிளை ஏற்கெனவே வெளிவந்ததற்கு.

இறக்கிய கோப்பில் மூன்று வகை வரிகள் இருக்கும்: முடிந்தவை, காலியானவை, ஃபஸி. ஃபஸி என்பது மூல ஆங்கிலம் மாறியதால் பழைய தமிழோ, வேறொரு வரியின் தமிழோ தோராயமாகப் பொருத்தப்பட்ட வரி. நீங்கள் படித்துப் பார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை பயனருக்கு அது ஆங்கிலத்திலேயே தெரியும். புதியவர்கள் ‘தமிழ்தான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று எல்லாக் குறிகளையும் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். ‘இயக்கு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘முடக்கு’ வந்து நிற்பது இப்படித்தான்.

6. வரிகளை மொழிபெயர்த்தல்

இடங்காட்டிகள். %எஸ் இருக்கும் இடத்தில் நிரல் ஒரு பெயரைப் பொருத்தும். %டி இருக்கும் இடத்தில் எண்ணை. ஆங்கிலத்தில் இருந்தவை எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும்.

கோப்புகள் செயலியில் நகலெடுக்கும்போது தெரியும் வரியில் இரண்டு %எஸ் உண்டு: முதலாவது கோப்பின் பெயர், இரண்டாவது போய்ச்சேரும் அடைவு. தமிழில் இயல்பாக அடைவுதான் முன்னால் வரும். வெறுமனே ‘“%எஸ்” அடைவுக்கு “%எஸ்” நகலெடுக்கப்படுகிறது’ என்று எழுதினால் நிரல் முதல் இடத்தில் கோப்பின் பெயரையே வைக்கும். ‘“கடிதம்” அடைவுக்கு “ஆவணங்கள்” நகலெடுக்கப்படுகிறது’ என்று தலைகீழாகத் தெரியும். இரண்டும் ஒரே வகை என்பதால் எந்தச் சோதனைக் கருவியும் இதைப் பிடிக்காது. வரிசை மாறும்போது எண் கொடுக்க வேண்டும்: முன்னால் %2$எஸ், பின்னால் %1$எஸ். ஒன்றுக்கு எண் கொடுத்தால் அந்த வரியிலுள்ள எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

சுருள் அடைப்புக்குறிக்குள் பெயர் வந்தால், அந்தப் பெயர் ஆங்கிலச் சொல்லாகத் தெரிந்தாலும் மொழிபெயர்க்காதீர்கள். அது மாறியின் பெயர்.

வேற்றுமை உருபுகள். தமிழின் தனித் தலைவலி இது. ‘“%எஸ்”ஐ நீக்கவா?’ என்று உருபை நேராக ஒட்டாதீர்கள். அங்கே என்ன பெயர் வரும், எந்த எழுத்தில் முடியும் என்று நமக்குத் தெரியாது, சந்தியும் அமையாது. நடுவில் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லை வைத்து அதில் உருபை ஏற்றுங்கள்: ‘“%எஸ்” என்ற கோப்பை நீக்கவா?’ வருவது கோப்பா அடைவா என்று தெரியாவிட்டால் ‘என்பதை’ போதும். ‘“%எஸ்” என்பதைக் குப்பைக்கு அனுப்பவா?’ என்றால் ஒற்றும் தன் இடத்தில் நிற்கும்.

ஒருமை, பன்மை. எண் வரும் வரிகளுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் 1-க்கு மட்டும். இரண்டாவது மற்ற எல்லாவற்றுக்கும், சுழியத்துக்கும் சேர்த்து. பெயரை மட்டும் பன்மையாக்கி வினையை மறந்துவிடுவது வழக்கமான பிழை. சரியான வடிவங்கள்: ‘1 கோப்பு நீக்கப்பட்டது’, ‘3 கோப்புகள் நீக்கப்பட்டன’. ஆட்களை எண்ணும்போது ‘1 பேர்’ என்று விடாதீர்கள். ஒருமைக் கட்டத்தில் இடங்காட்டியை எடுத்துவிட்டு ‘ஒருவர்’ என்று எழுதலாம். அங்கே மட்டும் அது அனுமதிக்கப்படும்.

வினையா பெயரா. ஆங்கிலத்தில் காப்பி, சர்ச் போன்றவை இரண்டுமாக இருக்கும். ஓபன் வினையாகவும் வரும், நிலையைச் சொல்லவும் வரும். நகலெடுவா நகலா, திறவா திறந்துள்ளதா, தேடுவா தேடலா? வரியோடு வரும் சூழல் குறிப்பை முதலில் படியுங்கள். அதில் தெளிவில்லை என்றால் அந்த மூலக் கோப்பை, க்னோமின் நிரல் இருக்கும் தளமான கிட்லேபில் திறந்து, அந்த வரியைச் சுற்றிப் பாருங்கள். பொத்தான் என்று அங்கே எழுதியிருக்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால் செயலியைத் திறந்து தேடுங்கள். ஊகிக்க வேண்டாம்.

பொத்தான்களில் ‘சேமி’, ‘திற’ என்ற ஏவல் குறுகலாக, பளிச்சென்று இருக்கும். பயனரிடம் பேசும் முழு வாக்கியங்களில் ‘உள்ளிடவும்’, ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற மரியாதை வடிவம். இந்தப் பிரிவினையை அணி ஏற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பொத்தானிலும் ‘சேமிக்கவும்’ என்று எழுதும் வழக்கம் பழைய கோப்புகளில் உண்டு. ஒரே செயலிக்குள் இரண்டும் கலந்துவிடக் கூடாது.

அடிக்கோடு. சொல்லுக்கு நடுவிலோ முன்னாலோ உள்ள அடிக்கோடு, ஆல்ட் விசையோடு அழுத்த வேண்டிய எழுத்தைக் காட்டுகிறது. அதைத் தமிழ் எழுத்துக்கு முன் வைத்தால், பயனரின் விசைப்பலகை அப்போது தமிழில் இருந்தால்தான் குறுக்குவிசை பயன்படும். அதனால் சொல்லை முடித்து, அடைப்புக்குறிக்குள் அடிக்கோட்டையும் ஆங்கில எழுத்தையும் கொடுப்பது வழக்கம். மெய்யெழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அடிக்கோடு விழுந்தால் எழுத்தே உடைந்து, குறி தனியாகப் புள்ளி வட்டத்தில் தொங்கும்.

ஒட்டுக்குறிகள். கோண அடைப்புக்குறிகளுக்குள் வரும் தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றைத் திறந்தால் மூடுங்கள். மூடாவிட்டால் அந்த இடம் திரையில் வெறுமையாக இருக்கும். பிழைச்செய்தி முனையத்தில் (கட்டளைகள் தட்டும் சாளரத்தில்) மட்டும் வரும். வரிமுறிப்புக் குறியான பின்சாய்வுக்கோடும் ‘என்’ எழுத்தும் ஆங்கில வரியின் கடைசியில் இருந்தால் தமிழ் வரியின் கடைசியிலும் இருக்க வேண்டும். இல்லையேல் கோப்பு ஏற்கப்படாது.

மொழிபெயர்க்கக் கூடாத வரிகள். ஜிடிகேயில் ‘டீஃபால்ட்:எல்டிஆர்’ என்று ஒரு வரி வரும். அது படிப்பதற்கான சொல் அல்ல. எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது என்று நிரலுக்குச் சொல்லும் விசை. அதை அப்படியே நகலெடுங்கள். ‘இயல்புநிலை’ என்று தமிழாக்கினால், மொழிபெயர்த்தவர் தவறு செய்துவிட்டார் என்று ஜிடிகேயே முனையத்தில் எச்சரிக்கை அச்சிடும். நாட்காட்டி வாரம் எந்த நாளில் தொடங்கும் என்ற வரியும் இந்த வகைதான். அதில் கடைசி எண்ணை மட்டுமே மாற்றலாம், 0 ஞாயிறு, 1 திங்கள். படவுருவின் கோப்புப் பெயர் என்று குறிப்பு இருந்தால் தொடவே வேண்டாம். தேதி வடிவங்களில் விழுக்காட்டுக் குறியை அடுத்த எழுத்துகளை விட்டுவிட்டு அவற்றின் வரிசையை மட்டும் நம் வழக்கப்படி, நாள் முன், மாதம் பின் என்று மாற்றுங்கள்.

தேடுசொற்கள். செயலியைத் தேடும்போது பொருந்த வேண்டிய சொற்களின் பட்டியல், அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். அரைப்புள்ளிகள் அப்படியே இருக்க வேண்டும், கடைசியிலும் ஒன்று. இங்கே அகராதி பார்த்து மொழிபெயர்ப்பதைவிட ஆட்கள் எதைத் தட்டுவார்கள் என்று யோசியுங்கள். தமிழ் மேசைத்தளத்திலும் பலர் ஆங்கிலத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள். எனவே தமிழ்ச் சொற்களோடு ஆங்கிலச் சொற்களையும் விட்டுவையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பெயர்கள் வரும் வரியில் முன்னோர் பெயர்களை அழிக்காமல் கீழே உங்கள் பெயரைச் சேருங்கள்.

7. கண்ணுக்குத் தெரியாத தட்டச்சுப் பிழைகள்

இவை பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் தேடலில் பொருந்தாது, திரைபடிப்பானும் தப்பாகப் படிக்கும்.

அவர் என்பதில் ர் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும். பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வரும் வியாதி. கோப்பில் துணைக்காலை அடுத்துப் புள்ளி வரும் இடங்களைத் தேடினால் எல்லாம் சிக்கும். சரியான தமிழில் அந்தச் சேர்க்கை வரவே வராது.

ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ, ள என்ற இரண்டு எழுத்து. கௌ என்பதில் கடைசிப் பகுதி ள ஆக இருப்பதும் இதே கதை.

கொ, கோ போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகத் தட்டுவது. யூனிகோடில் இரண்டும் சமம் என்று விதி இருந்தாலும், எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தேடலுக்கு அது தெரியாது.

தவிர, ஆங்கில வரியில் மூன்று புள்ளி ஒரே குறியாக இருந்தால் தமிழிலும் ஒரே குறியாக வையுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே உடையா இடைவெளி இருந்தால் அதை நகலெடுத்துப் போடுங்கள், இடைவெளிப் பட்டையைத் தட்டாதீர்கள்.

8. திரையில் பார்ப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். போஎடிட்டில் கோப்பைத் தொகுத்தால் எம்ஓ என்ற இரும வடிவம் கிடைக்கும். கணினியின் மூல அடைவிலிருந்து (ரூட்) யுஎஸ்ஆர், ஷேர், லொகேல், டிஏ, எல்சி-மெசேஜஸ் என்று வரிசையாக உள்ளே போனால் பழைய கோப்பு இருக்கும். அதைப் படியெடுத்து வைத்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு உங்களுடையதைப் போடுங்கள். கோப்பின் பெயர் மாட்யூலின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை: ஜிடிகே 4-க்கு அது ஜிடிகே40. பழைய கோப்பின் பெயரைப் பார்த்தே வையுங்கள்.

போட்டும் எதுவும் மாறவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

செயலி ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். க்னோம் செயலிகள் பலவும் இரண்டாம் முறை திறந்தால் புதிதாகத் தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பிரதியிடமே வேலையைக் கொடுத்துவிடும். கோப்புகள் செயலி சாளரத்தை மூடிய பிறகும் தங்கியிருக்கக்கூடும். முழுதாக நிறுத்திவிட்டுத் திறங்கள். ஷெல் என்றால் வெளியேறி உள்நுழைய வேண்டும்.

செயலி ஃபிளாட்பேக்காக, அதாவது தனக்கு வேண்டியதை எல்லாம் தன்னோடு கொண்டுவரும் தனிப் பொதியாக, நிறுவப்பட்டிருக்கலாம். அது தன் மொழிக் கோப்புகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், உங்கள் அடைவைப் பார்க்காது.

மாறாதது செயலியின் பெயரும் தேடுசொற்களும் மட்டும் என்றால் பிழை எதுவும் இல்லை. அவை செயலியைக் கட்டும்போதே அதன் துவக்கிக் கோப்பில் எழுதப்படுகின்றன. எம்ஓ கோப்பை மாற்றினால் தெரியாது.

நிறுவியிருக்கும் பதிப்பும் நீங்கள் எடுத்த கிளையும் வேறாக இருந்தால் சில வரிகள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். ஒரு சொல் மாறினாலும் மூல வரி பொருந்தாது.

தெரிந்ததும், சாளரத்தைக் குறுக்கிப் பாருங்கள். தமிழ் வரிகள் ஆங்கிலத்தைவிட நீளம். பொத்தானில் ‘பயன்படுத்தப்ப…’ என்று வெட்டுப்பட்டால் எழுத்தின் அளவைக் குறைக்க நம்மிடம் வழியில்லை. சொல்லைத்தான் குறைக்க வேண்டும்.

9. பதிவேற்றமும் சரிபார்ப்பும்

கோப்பின் தலைப்பகுதியில் உங்கள் பெயர், அணி, திருத்திய நாள் சரியா என்று பார்த்துப் பதிவேற்றுங்கள். வடிவமைப்புப் பிழையுள்ள கோப்பைத் தளமே மறுத்துவிடும். கருத்துப் பெட்டியில் ஐயமுள்ள வரிகளைக் குறிப்பிடுங்கள். சரிபார்ப்பவர் நேரம் அங்கே மிச்சமாகும்.

அதன்பின் நிலை மாறிக்கொண்டே போகும்: மொழிபெயர்க்கப்பட்டது, சரிபார்ப்பில், சரிபார்க்கப்பட்டது, சேர்க்கத் தயார், சேர்க்கப்பட்டது. திருத்தங்களோடு திரும்பி வந்தால், பழைய கோப்பில் கைவைக்காமல் சரிபார்ப்பவர் ஏற்றிய கடைசிப் பிரதியை இறக்கி அதில் தொடருங்கள். பழையதில் திருத்தி ஏற்றினால் அவர் செய்த வேலை முழுவதும் அழியும். சண்டை மூள்வது பெரும்பாலும் இதனால்தான்.

10. நாட்காட்டி

க்னோம் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு சர உறைவு தொடங்கும். அதன்பின் நிரலாளர்கள் ஆங்கில வரிகளை அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. பெரிய மாட்யூல்களை முடிக்க அதுதான் சரியான நேரம். முன்னாலேயே முடித்தால் வரிகள் மாறி மீண்டும் ஃபஸி ஆகும். 80 விழுக்காடு வரிகள் முடிந்த மொழிகளையே க்னோம் ஆதரிக்கப்படும் மொழிகளாகக் கணக்கில் எடுக்கிறது.

வெளியீட்டு நாளைத் தவறவிட்டால் பதற வேண்டாம். நிலைக் கிளையில் சேர்த்த மொழிபெயர்ப்பு அடுத்த திருத்த வெளியீட்டில் போய்விடும். ஆனால் அதே கோப்பு முதன்மைக் கிளையிலும் சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள். சேராவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே வரிகள் காலியாக வந்து நிற்கும்.